இரண்டாவது சிலிண்டர்

மணிப்பூரின் சேனாபதி மாவட்டத்தில் லெய்சாங் என்றொரு மலைக்கிராமம் இருக்கிறது. 2018 ஏப்ரல் 28 அன்று அங்கே மின்கம்பி போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் மின்சாரம் எட்டாத கிராமம் இனி ஒன்றுகூட இல்லை என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அறிவிப்பில் பொய் இல்லை. ஆனால் எது மின்வசதி பெற்ற ஊர் என்பதற்கான விதி வேறு மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களுக்கும், நூற்றுக்குப் பத்து வீடுகளுக்கும் மின்சாரம் வந்துவிட்டால் போதும்; அது மின்வசதி பெற்ற ஊர். மீதித் தொண்ணூறு வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தாலும் ஏட்டில் அந்த ஊர் வெளிச்சமாகத்தான் இருக்கும். விடுபட்ட வீடுகளுக்காக 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட சௌபாக்யா திட்டம், 2022 மார்ச்சுக்குள் சுமார் 2.86 கோடி வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தது. ஊரை எண்ணிக்கொண்டிருந்த அரசு வீட்டை எண்ணத் தொடங்கியதும் வேலையின் அளவே மாறிவிட்டது.

உலகக் கணக்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட 17 வளர்ச்சி இலக்குகளில் ஏழாவது, எரிசக்தி பற்றியது. கட்டுப்படியாகும் விலையில், நம்பத்தக்க வகையில், நவீன எரிசக்தி 2030க்குள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். உலக வங்கி, உலகச் சுகாதார நிறுவனம், பன்னாட்டு எரிசக்தி முகமை உள்ளிட்ட ஐந்து அமைப்புகள் சேர்ந்து ஆண்டுதோறும் இதற்கு ஓர் அறிக்கை தருகின்றன. 2025இல் வந்த அறிக்கையின்படி, 2023ஆம் ஆண்டில் உலக மக்களில் 92 சதவீதம் பேருக்கு மின்சாரம் இருந்தது, 66.6 கோடிப் பேருக்கு இல்லை. அவர்களில் 56 கோடிக்கு மேற்பட்டோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் வாழ்கிறார்கள். புகையில்லாத அடுப்பில் சமைக்க வழியற்றவர்களோ சுமார் 210 கோடி. மின்சாரம் இல்லாதவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

பத்தாண்டு அனுபவத்தைச் சேர்த்து வைத்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. முதல் நாளைக் கொண்டுவருவதில் உலகம் தேறிவிட்டது. கம்பி இழுக்கிறோம், மீட்டர் மாட்டுகிறோம், அடுப்பு கொடுக்கிறோம், புகைப்படம் எடுக்கிறோம். நாற்பதாவது நாள் அந்த வீட்டில் என்ன எரிகிறது என்று பார்க்க யாரும் திரும்பிப் போவதில்லை. இலக்கில் இருக்கும் ‘கட்டுப்படியாகும் விலை’, ‘நம்பத்தக்க’ என்ற சொற்களுக்கு ஆண்டறிக்கையின் முதன்மை எண்களில் இடமே இல்லை.

மின்சாரத்தில் கிடைத்த வெற்றியைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. 2015 முடிவதற்குள் சிங்ஹாய் மாகாணத்தின் கடைசி மேய்ச்சல் குடியிருப்புகள் வரை சீனா மின்சாரம் கொண்டுபோனது. இந்தியா கோடிக்கணக்கான வீடுகளை இணைத்தது. 2022 மார்ச்சில் வங்கதேசம் முழு மின்மயத்தை அறிவித்தது. மூன்றிலும் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்றது. மலையுச்சியில் நாற்பது வீட்டுக்குக் கம்பி இழுத்து எந்த நிறுவனமும் போட்ட முதலை எடுக்க முடியாது. பாலத்தையும் பள்ளிக்கூடத்தையும் போல இதுவும் பொதுப்பணி என்று ஒப்புக்கொண்ட நாடுகள்தான் கடைசி வீட்டை எட்டின.

வங்கதேசம் கம்பிக்காகக் காத்திருந்த காலத்தில் வேறொரு வழியையும் பார்த்தது. 2003இல் தொடங்கிய திட்டத்தில், தவணை முறையில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளின் கூரையில் சிறு சூரியத் தகடுகள் ஏறின. உலகமே அதைப் பாராட்டியது. ஆனால் கம்பி ஊருக்குள் வந்ததும் விற்பனை சரிந்தது; பல வீடுகளில் தகடுகள் ஓரங்கட்டப்பட்டன. மக்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பல்பும் செல்போன் சார்ஜும் கொடுத்த வெளிச்சம் அவர்களுக்கு ஒரு இடைக்கால ஏற்பாடுதான். மின்விசிறி சுற்ற வேண்டும், தொலைக்காட்சி ஓட வேண்டும், வயலுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். உலக வங்கியின் அளவுகோலில் மின்வசதியின் முதல் படிக்கு நாளொன்றுக்கு 12 வாட்-மணி போதும். சாதாரண 75 வாட் சீலிங் ஃபேன் அதைப் பத்து நிமிடத்தில் குடித்துத் தீர்த்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தையும் ‘மின்வசதி’ என்றே உலகம் எண்ணுகிறது.

கென்யாவில் எம்-கோப்பா என்ற நிறுவனம் விற்ற பெட்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கூரைக்கு 8 வாட் தகடு ஒன்று, சில எல்இடி விளக்குகள், ஒரு டார்ச், ஒரு ரேடியோ, செல்போன் சார்ஜர். நடுவே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. முன்பணம் கட்டியபின் நாளுக்குச் சுமார் 50 ஷில்லிங், எம்-பேசா என்ற செல்போன் பணச் சேவை வழியாக அனுப்ப வேண்டும். பணம் வந்தால் பெட்டி திறக்கும். வராவிட்டால் சிம் வழியாகவே பூட்டிக்கொள்ளும். ஏறத்தாழ ஓராண்டு கட்டி முடித்தால் எல்லாம் சொந்தம். மண்ணெண்ணெய்க்குத் தினமும் செலவழித்த சில்லறையையே தவணையாக்கிய இந்த ஏற்பாடு, ஏழைகள் எரிசக்திக்குக் காசு கொடுக்க மாட்டார்கள் என்ற பழைய நினைப்பை உடைத்தது. கூலி வராத வாரத்தில் வீடு இருட்டாவதும் அதே ஏற்பாட்டால்தான்.

கென்யாவின் மேற்குப் பகுதியில் கென்னத் லீ, எட்வர்ட் மிகேல், கேத்தரின் வுல்ஃப்ராம் என்ற மூன்று பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு இன்னும் ஆழமாகப் போகிறது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலேயே இருந்தும் இருண்டு கிடந்த வீடுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இணைப்புக் கட்டணம் அப்போது 35,000 ஷில்லிங். முழு மானியம் கிடைத்த வீடுகள் ஏறக்குறைய எல்லாமே இணைந்தன. 57 சதவீத மானியத்தில் நாலில் ஒரு வீடுகூடச் சேரவில்லை. முழுக் கட்டணத்துக்குச் சேர்ந்தவை நூற்றுக்கு ஒன்றிரண்டு. இணைந்த வீடுகளிலும் பல்பு, செல்போன் தாண்டி அதிகமாக எதுவும் ஓடவில்லை. பொருள் வாங்கக் கையில் பணமில்லை. மின்சாரம் வந்தால் வருமானம் தானாக வளரும் என்ற நம்பிக்கையில் போடப்பட்ட திட்டங்கள் எல்லாம் இந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கம்பி இருந்தும் கரண்ட் வராத நாடுகளின் கதை தனி. இருபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நைஜீரியாவின் மின்தொகுப்பு பெரும்பாலான நாட்களில் 4,000 முதல் 5,000 மெகாவாட் வரைதான் தருகிறது. எட்டுக் கோடிக்கும் குறைவானவர்கள் வாழும் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. லாகோஸ் கடைத்தெருவில் ஒவ்வொரு வாசலிலும் பெட்ரோல் ஜெனரேட்டர் இரைவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஏழை நாடுகளில் ஏறக்குறைய நூறு கோடிப் பேர் நம்பியிருக்கும் மருத்துவ நிலையங்களில் மின்சாரம் நிலையாக இல்லை அல்லது அறவே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் முதலான அமைப்புகள் 2023இல் கணக்கிட்டன. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியும் பிரசவ அறை விளக்கும் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன.

எட்டிப் பிடித்ததைக் கைவிடவும் நேரலாம். இலங்கையில் ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் மின்சாரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022 மார்ச்சில் டாலர் தீர்ந்தது. எரிபொருள் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கேஸ் சிலிண்டருக்கு விடியுமுன் வரிசை. கொழும்பின் தொடர்மாடி வீடுகளில்கூட விறகுக்கு வழி தேடினார்கள். அதன்பின் மின்கட்டணம் அந்த ஆகஸ்டில் 75 சதவீதமும் அடுத்த பிப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. கம்பி அப்படியே இருந்தது. இணைப்புச் சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் இலங்கையில் ஒன்றுமே நடக்கவில்லை.

சூரிய மின்சாரத்தின் விலை 2010க்கும் 2023க்கும் இடையே சுமார் 90 சதவீதம் குறைந்தது உண்மை. அதன் பலன் யார் வீட்டுக்குப் போகிறது என்பதற்குப் பாகிஸ்தான் சான்று. 2024இல் மட்டும் அந்த நாடு சுமார் 17 கிகாவாட் அளவுக்குச் சூரியத் தகடுகளை இறக்குமதி செய்தது. கட்டண உயர்வைத் தாங்காதவர்கள் தாங்களாகவே கூரைக்கு ஏற்றிக்கொண்டார்கள். அரசின் திட்டத்தைவிட வேகமாக நடந்த மாற்றம் இது, மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் சொந்தக் கூரையும் கைப்பணமும் உள்ளவர்கள் தொகுப்பைவிட்டு விலக விலக, மின்நிலையங்களுக்குக் கொடுத்தே தீர வேண்டிய நிலையான தொகை மிச்சமிருப்பவர்கள் தலையில் விழுகிறது. மிச்சமிருப்பவர்கள் வாடகை வீட்டுக்காரர்களும் ஏழைகளும்.

இனி அடுப்பு. இந்த இலக்கின் பெருந்தோல்வி இங்கேதான் இருக்கிறது; அதைப் பற்றிப் பேசுவதோ மிகக் குறைவு. விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் வீட்டுக்குள் கெடும் காற்று ஆண்டுக்குச் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறிப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2020க்கான கணக்கில் சொல்கிறது. அவர்களில் 2.3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இப்படியொரு கணக்கைப் போட முடியும் என்று காட்டியவர்களில் முன்னோடி கர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களின் சமையலறைகளில் கருவி வைத்துப் புகையை அளந்தவர் அவர். அதற்கு முன், காற்று மாசு என்றால் ஆலைப் புகைபோக்கி, நகரத்து வாகனம் என்றே உலகம் நினைத்திருந்தது.

அளந்த பின்பும் மருந்து தவறாகவே கொடுக்கப்பட்டது. 1983இல் இந்திய அரசு தொடங்கிய புகையில்லா அடுப்புத் திட்டத்தில் சுமார் இருபது ஆண்டுகளில் மூன்றரைக் கோடி அடுப்புகள் வழங்கப்பட்டன. குழாய் அடைத்தது, மண் வெடித்தது, சரிசெய்ய ஆளில்லை. பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். விறகைச் சற்றுத் தூய்மையாக எரிக்க ஏழைக்குப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, பணக்காரர் வீட்டில் எரியும் தூய எரிபொருளையே ஏழைக்கும் எட்டச் செய்யுங்கள் என்று ஸ்மித் பிற்காலத்தில் வற்புறுத்தினார். அந்த வாதத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஏழைப் பெண்ணுக்கு மட்டும் இரண்டாந்தர அடுப்பு என்று திட்டம் தீட்டியவர்கள் யாரும் தங்கள் வீட்டில் அதை வைத்துக்கொள்ளவில்லை.

தூய எரிபொருள் எட்டினால் என்ன ஆகும்? இதற்கான மிகப் பெரிய பரிசோதனைகளில் ஒன்று குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் நடந்தது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டுப் பகுதியை நடத்தியது. நான்கு நாடுகளிலும் மொத்தம் 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் 18 மாதங்களுக்கு இலவசம்; தீர்ந்தால் வீட்டுக்கே வந்தது. இரு பிரிவுப் பெண்களும் மார்புயரத்தில் ஒரு சிறு கருவியை அணிந்தபடி அடுப்படிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போய்வந்தார்கள். மூச்சில் போகும் நுண்துகளை அது நாள் முழுக்கப் பதிவு செய்தது. விறகில் சமைத்தவர்களிடம் கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம். எரிவாயுவில் சமைத்தவர்களிடம் சுமார் 24.

முடிவு எளிதாக இல்லை. குழந்தையின் பிறப்பு எடையிலோ நிமோனியாவிலோ இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. எரிவாயுவால் பலனில்லை என்று சிலர் அவசரமாக எழுதினார்கள். கர்ப்பத்தின் நடுவில் தொடங்கிய மாற்றம் பிந்தியதாக இருந்திருக்கலாம். ஒரு வாழ்நாளின் புகை ஒன்றரை ஆண்டில் கழுவப்படாமலும் போகலாம். புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததே எனக்குப் பெரிய செய்தி. அதைவிடப் பெரியது இன்னொன்று: சிலிண்டர் தடையில்லாமல் வந்த வீடுகளில் விறகு அடுப்பு ஏறக்குறைய அணைந்தே போனது. கிராமத்துப் பெண்களுக்கு விறகுச் சோறுதான் ருசி, பழக்கத்தை விடமாட்டார்கள் என்று ஆண்டாண்டாகச் சொல்லிவந்த காரணம் இங்கே நிற்கவில்லை. எரிபொருள் இருந்தது, எரித்தார்கள்.

2016 மே 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இது பெரிய அளவில் தெரிகிறது. இன்று பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஏழைக் குடும்பப் பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்பு. இவ்வளவு விரைவில் இவ்வளவு அடுப்புகளை வேறெந்த நாடும் கொடுத்ததில்லை என்றே நினைக்கிறேன். முதல் சுற்றில் வைப்புத் தொகையை அரசு ஏற்றது. அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாக வாங்கியவர்களுக்கு, அந்தக் கடன் தீரும்வரை மானியம் கைக்கு வரவில்லை. முழு விலை கொடுத்து இரண்டாவது சிலிண்டர் எடுக்கும் இடத்தில் பல குடும்பங்கள் நின்றுவிட்டன. 2019-20இல் ஒரு உஜ்வலா வீடு சராசரியாக எடுத்தது ஆண்டுக்கு மூன்று சிலிண்டர். முழுக்க எரிவாயுவிலேயே சமைக்கும் வீட்டுக்கு எட்டு, ஒன்பதாவது வேண்டும். மிச்சத்தை விறகு நிரப்பியது. காப்பி, குழம்புக்கு கேஸ், வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகு என்று நம் ஊர்ப்பக்கமும் பழகிப்போன ஏற்பாடு இது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2022 மே மாதம் உஜ்வலா வீடுகளுக்குச் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் வந்தது. 2023 அக்டோபரில் 300 ஆனது. இடையே பொது விலையும் குறைந்தது. சராசரி 2023-24இல் 3.95 ஆகவும் 2024-25இல் சுமார் நாலரையாகவும் ஏறியது. விழிப்புணர்வுப் பேரணியால் வந்த ஏற்றமாக இது எனக்குத் தோன்றவில்லை. விலை குறைந்தது, அடுப்பு எரிந்தது.

இந்தோனேசியா 2007லேயே இதை வேறு கோணத்தில் அணுகியது. மண்ணெண்ணெய் மானியம் கருவூலத்தைத் தின்றுகொண்டிருந்ததால், ஐந்து கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒற்றை பர்னர் அடுப்பும் 3 கிலோ சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தது. பகுதி பகுதியாக மண்ணெண்ணெயைச் சந்தையிலிருந்து விலக்கியது. பச்சை நிறச் சிறு சிலிண்டரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் மாற்றிவரலாம். அன்றாடக் கூலிக்காரரிடம் ஒரே நாளில் பெருந்தொகை இராது என்பதை அந்தச் சிலிண்டரின் அளவே கணக்கில் எடுத்துக்கொண்டது. இன்றும் அந்த மானியம் பட்ஜெட்டில் கனக்கிறது, வசதியுள்ளவர்களும் அதையே வாங்குகிறார்கள் என்ற குறை உண்டு. ஆனாலும் மாற்றம் நிலைத்துவிட்டது.

ஆப்பிரிக்காவில் நிலைமை பின்னோக்கிப் போகிறது. மக்கள்தொகை வளரும் வேகத்துக்கு அடுப்புகள் ஈடுகொடுக்கவில்லை. தூய அடுப்பில்லாதவர்களின் தொகை ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடி கூடுகிறது. விறகு பொறுக்கும் நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை, அதனால் அந்த நேரம் எந்த நிதியமைச்சரின் கணக்கிலும் செலவாகத் தெரிவதில்லை. அரசு விட்ட இடத்தைக் கார்பன் வரவுச் சந்தை பிடித்தது: அடுப்பு கொடுத்து, குறைந்த புகையை வரவாக்கி விற்பது. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வரவுகள் உண்மைக் குறைப்பைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் ஊதிக் காட்டப்பட்டிருப்பதாகக் கண்டார்கள். கொடுத்த அடுப்பை எரியும் அடுப்பாக எண்ணியது அதற்கு ஒரு காரணம்.

பணம் இல்லாமலா இதெல்லாம் நிற்கிறது? உலகம் முழுதும் சமையலறைகளை மாற்ற ஆண்டுக்குச் சுமார் 800 கோடி டாலர் போதும் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டது. வளரும் நாடுகளின் தூய எரிசக்திக்காகப் பிற நாடுகளும் அமைப்புகளும் தந்த பொதுநிதி 2016இல் 2,840 கோடி டாலர். 2023இல் 2,160 கோடி. தேவை ஏறியபோது உதவி இறங்கியது. வட்டி இன்னொரு சுவர். சூரியனுக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவில்லை. செலவெல்லாம் முதல் நாளே போட வேண்டிய முதல். ஆகவே மின்சாரத்தின் விலையை வட்டியே தீர்மானிக்கிறது. இருபது ஆண்டில் அடைக்கும் 100 ரூபாய்க் கடனுக்கு 5 சதவீத வட்டியில் ஆண்டுத் தவணை 8 ரூபாய்; 15 சதவீதத்தில் 16 ரூபாய். ஆப்பிரிக்க நாடுகள் பணக்கார நாடுகளைப் போல இரண்டு மூன்று மடங்கு வட்டி கொடுக்கின்றன. ஒரே தகடு, இன்னும் கூடுதலான வெயில், இரட்டை விலை. சகாராவுக்குத் தெற்கே ஆளுக்கு 40 வாட் அளவுக்கே புதுப்பிக்கத்தக்க மின்திறன் இருக்க, வளர்ந்த நாடுகளில் அது 1,100 வாட்டைத் தாண்டியதில் இந்த வட்டிக்குப் பெரும் பங்குண்டு.

எரிவாயுவும் பூமியிலிருந்து எடுப்பதுதானே என்ற கேள்வி நியாயமானது. முழுதாக எரியாத விறகுப் புகையோடு ஒப்பிட்டால் அதன் தீங்கு குறைவு. ஆனால் இந்தியா தன் எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது, வளைகுடாவில் விலை ஏறினால் பீகாரில் அடுப்பு அணைகிறது. நீண்ட காலத்துக்கு மின்சார அடுப்புதான் வழி. நேபாளம் இதில் முன்னே போகிறது. ஒரு காலத்தில் காத்மாண்டுவில் குளிர்காலத்தில் பதினாறு மணி நேரம் வரை மின்வெட்டு. 2016இல் குல்மான் கிசிங் மின்வாரியப் பொறுப்பேற்றபின் 2018க்குள் வீடுகளுக்கான வெட்டு முடிவுக்கு வந்தது. 2015இல் எல்லை முடங்கி கேஸ் வராமல் தவித்த மக்கள், இன்டக்‌ஷன் அடுப்பின் பக்கம் திரும்பக் காரணம் இருந்தது. ஆற்றில் ஓடுவது சொந்த மின்சாரம். ஆனால் ஏழை வீடுகளில் மாட்டியிருந்தது 5 ஆம்பியர் மீட்டர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,150 வாட். முழு வேகத்தில் எரியும் இன்டக்‌ஷன் அடுப்புக்கு 2,000 வாட் வரை தேவை. பல்புக்காகப் போட்ட இணைப்பில் சோறு வேகாது.

உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் 2030க்குள் ஆப்பிரிக்காவில் 30 கோடிப் பேருக்கு மின்சாரம் தரும் ‘மிஷன் 300’ திட்டத்தை 2024இல் அறிவித்து வேலையைத் தொடங்கிவிட்டன. இப்போது வாங்கப்படும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் முப்பது நாற்பது ஆண்டுகள் கம்பத்தில் இருக்கப்போகின்றன. அவற்றை அடுப்புக்கும் சேர்த்து அளவெடுத்துப் போட இதுதான் சமயம். பின்னால் மாற்றுவது இரட்டைச் செலவு. மாதந்தோறும் முதல் சில யூனிட்களை ஏழை வீட்டுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ கொடுக்கும் ஏற்பாடும் கூடவே வேண்டும். தென்னாப்பிரிக்கா 2003இலிருந்து 50 யூனிட்டை அப்படித்தான் கொடுத்துவருகிறது.

இணைப்புக்குப் பின் நடப்பதை எண்ணுவது கடினம் என்று இனியும் சொல்ல முடியாது. எந்த உஜ்வலா வீடு கடைசியாக எந்தத் தேதியில் சிலிண்டர் எடுத்தது என்பது எண்ணெய் நிறுவனங்களின் கணினியில் இருக்கிறது. எந்த ப்ரீபெய்ட் மீட்டர் எத்தனை நாள் காசில்லாமல் கிடந்தது என்பது மின்வாரியங்களுக்குத் தெரியும். 2030க்குப் பிறகான இலக்கை எழுத உட்காருபவர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பட்டியல்களைத்தான்.